செம்பூருக்குத் திரும்பிய அமெரிக்கப் பிள்ளை

பாந்திரா-குர்லா வளாகத்தின் ஜி பிளாக்கில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது. அதே பிளாக்கில் வெளியுறவுத் துறையின் விதேஷ் பவன். மும்பையின் மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் அதற்குள்தான். மித்தி ஆற்றைத் தாண்டினால் தாராவி, அதற்கும் தெற்கே மாட்டுங்கா, கிழக்கே செம்பூர். இந்தியர் என்பதற்குச் சான்று தரும் இடமும் அமெரிக்காவுக்குப் போக அனுமதி தரும் இடமும் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், இரு நாட்டுக் குடியுரிமையையும் ஒருவர் சேர்த்து வைத்துக்கொள்ள நம் சட்டத்தில் இடமில்லை. இதைப் பற்றி விவாதம் எழும்போதெல்லாம் அது தேசபக்தியைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது. நாட்டை விட்டுப் போகிறவரை வைத்தே வாதம் நடக்கிறது. போகிறவருக்கு இந்தச் சட்டத்தால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. அவர் போன இடத்தில் வேலையும் வீடும் வாக்கும் கிடைத்துவிடுகின்றன. சட்டம் கடிப்பது திரும்பி வருகிறவரையும் அவருடைய பிள்ளைகளையும்தான். இரட்டைக் குடியுரிமையை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதை ஆதரிப்பதற்கான காரணங்கள் வேறாகத் தெரியும்.

சட்டம் சொல்வது சுருக்கமானது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 9ஆம் பிரிவு: இந்தியக் குடிமகன் ஒருவர் தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், அந்த நொடியிலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும். அவர் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை, அரசு ஆணை போட வேண்டியதில்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட் வாங்கியதே அதற்கு முடிவான சான்று என்ற விதியை 1962இல் இசார் அகமது கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இந்தக் கண்டிப்புக்கு அந்தக் காலத்தில் நியாயம் இருந்தது. பிரிவினை முடிந்து எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன; யார் இந்தியர், யார் பாகிஸ்தானியர் என்ற வழக்குகள் நீதிமன்றங்களில் குவிந்து கிடந்தன. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்த இந்தியர்கள் அந்தந்த நாட்டுக்கே விசுவாசமாக இருக்க வேண்டும் என்பது நேருவின் நிலை. அதே 1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாட்டின்போது சீனாவும் இந்தோனேசியாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இரு குடியுரிமையுடன் இருந்த சீனர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு, தம் எல்லைக்குள் வேறொரு நாட்டின் பிரஜைகள் கூட்டமாக இருப்பது பயத்தைத் தந்த காலம் அது. அந்தப் பயத்துக்கு எழுதிய மருந்துச் சீட்டை எழுபது ஆண்டுகளாக மாற்றாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இடையில் நாடு விட்டுப் போவதன் அளவும் தன்மையும் மாறிவிட்டன. நாடாளுமன்றத்தில் வெளியுறவுத் துறை கொடுத்த கணக்கின்படி 2011இல் இந்தியக் குடியுரிமையைத் துறந்தவர்கள் 1,22,819 பேர். கொரோனா ஆண்டான 2020இல் அது 85,256ஆகக் குறைந்தது. 2022இல் 2,25,620ஆக ஏறியது. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் 2 லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை. 2011 முதல் 2024 வரை கூட்டினால் 20 லட்சத்துக்கும் மேல். மும்பைத் தமிழருக்கு இது இரண்டாவது புறப்பாடு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் தாராவியில் தங்கினார்கள். தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் சுருக்கெழுத்தும் கணக்கும் கற்றுக்கொண்டு வந்தவர்கள் மாட்டுங்காவில் குடியேறி, 1932இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். டிராம்பேயில் அணுசக்தி நிலையமும் உரத் தொழிற்சாலையும் வந்தபின் செம்பூர் நிறைந்தது. அந்த முதல் புறப்பாட்டில் யாரும் எதையும் துறக்க வேண்டியிருக்கவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே குடியுரிமை என்பதால், 1966இல் தொடங்கிய சிவசேனை தென்னிந்தியர்களைத் தெருவில் மிரட்டியபோதும்கூட, சட்டத்தின் கண்ணில் அவர்கள் இந்நாட்டு மக்களாகவே இருந்தார்கள். ஊரில் காணியும் குலதெய்வமும், மும்பையில் ரேஷன் கார்டும் வாக்கும் என்று இரண்டு இடத்துக்கும் உரியவர்களாக வாழ்வது இங்கே மூன்று தலைமுறைப் பழக்கம். நியூ ஜெர்சிக்கும் டொராண்டோவுக்கும் போன நான்காம் தலைமுறைக்குத்தான் முதல்முறையாக 'ஒன்றை விடு' என்று சட்டம் சொல்கிறது.

சட்டம் எங்கே இறுகுகிறது என்பதைப் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பதுதான் சரி. எச்-1பி விசாவில் இருக்கும் ஒரு தம்பதிக்கு அமெரிக்காவில் குழந்தை பிறக்கிறது என்று கொள்வோம். தாயும் தந்தையும் இந்தியக் குடிமக்கள். குழந்தை, அந்நாட்டு அரசமைப்பின் 14ஆவது திருத்தப்படி, பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகன். நம் சட்டமும் அந்தக் குழந்தைக்குக் கதவை அடைத்துவிடவில்லை. ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்தால் வம்சாவளியால் இந்தியக் குடியுரிமை உண்டு. இன்னும் சொல்லப்போனால், குடியுரிமைச் சட்டத்தின் 4(1ஏ) பிரிவு, அப்படிப்பட்ட மைனர் ஒரே நேரத்தில் இரண்டு நாட்டுக் குடிமகனாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால்தான் இந்தியக் குடியுரிமை போகும். ஆக, இரட்டைக் குடியுரிமை இந்தியச் சட்டத்துக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. 2003இன் திருத்தத்தின் வழியாக அது சட்டப் புத்தகத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பதிவு செய்யும்போது குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். அமெரிக்காவோ, தன் குடிமக்கள் தன் பாஸ்போர்ட்டில்தான் உள்ளே வரவும் வெளியே போகவும் வேண்டும் என்கிறது. தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளையைக் காட்ட மும்பைக்கு விமானம் ஏற வேண்டுமானால் அந்த பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் எடுத்தால் இந்தியப் பதிவு இல்லை. எனவே 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்' என்ற ஓசிஐ கார்டு.

அடுத்த கட்டத்தில், கிரீன் கார்டு வரிசை நகரவில்லை என்றோ வேலை போயிற்று என்றோ பெற்றோருக்கு முடியவில்லை என்றோ குடும்பம் செம்பூருக்கே திரும்பிவிடுகிறது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தபின் இப்படிக் கணக்குப் போடும் வீடுகள் கூடத்தான் செய்யும். பிள்ளை இங்கேயே பள்ளியில் சேர்ந்து பத்தும் பன்னிரண்டும் முடிக்கிறது. தாய் தகப்பன் இந்தியர்கள், இங்கே வரி கட்டுகிறார்கள், வாக்களிக்கிறார்கள். நீட் தேர்வு எழுதியபின் பிள்ளைக்குத் தெரிகிறது, தான் அந்த வீட்டில் ஒரே வெளிநாட்டவர் என்று. 2021 மார்ச் 4ஆம் தேதி உள்துறை வெளியிட்ட அறிவிக்கை, ஓசிஐ மாணவர்கள் நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளை எழுதலாம், ஆனால் என்ஆர்ஐ இடங்களுக்கும் கூடுதல் இடங்களுக்கும் மட்டுமே உரியவர்கள் என்று சொல்லிவிட்டது. பொது இடத்துக்கும் என்ஆர்ஐ இடத்துக்கும் கட்டணத்தில் உள்ள வித்தியாசத்தை எந்தப் பெற்றோரிடமும் விளக்க வேண்டியதில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஓசிஐ மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் வந்த அறிவிக்கை இது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 2021 மார்ச் 4க்கு முன்பே கார்டு வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று காப்பாற்றியது. அதற்குப் பின் கார்டு வாங்கிய பிள்ளைகள் பலர் இனிமேல்தான் அந்த வயதுக்கு வரப்போகிறார்கள்.

'திரும்பி வந்தால் திரும்பவும் குடியுரிமை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே' என்று கேட்கலாம். வழி இருக்கிறது, குறுகலானது. அது எவ்வளவு குறுகல் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கு காட்டியது. 1998இல் பெற்றோர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றார்கள். அப்போது தாய் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. 1999 மார்ச்சில் மகன் பிறந்தான். 18 வயதானதும் 2017இல் இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தான். பெற்றோர் துறந்த குடியுரிமையை மைனர் பிள்ளை வயது வந்த ஓராண்டுக்குள் மீட்டுக்கொள்ளலாம் என்ற 8(2) பிரிவைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் வெற்றியும் பெற்றான். 2024 அக்டோபர் 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பெற்றோர் எழுதிக்கொடுத்துத் துறக்கவில்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதும் 9ஆம் பிரிவின்படி அது தானாகவே போய்விட்டது. எனவே 8(2) தரும் சலுகை மகனுக்கு இல்லை என்பது தீர்ப்பு. சட்ட வாசகத்தை வைத்துப் பார்த்தால் தீர்ப்பில் குறை சொல்ல முடியாது. குறை வாசகத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை பெறும் எல்லோருக்குமே 9ஆம் பிரிவு முதலில் வந்து விழுந்துவிடும் என்றால், பிள்ளைகளுக்காக எழுதிய 8(2) யாருக்குத்தான் பயன்படும்? மிச்சம் இருப்பது 5ஆம் பிரிவு: ஓராண்டு இங்கே வாழ்ந்து காட்டி, மற்ற குடியுரிமையை விட்டு, அரசின் முடிவுக்குக் காத்திருப்பது.

'ஓசிஐ இருக்கும்போது எதற்கு முழுக் குடியுரிமை' என்ற வாதம் இதைவிட வலுவானது, ஏனென்றால் ஓசிஐ நிஜமாகவே பெரிய வசதி. 2002 ஜனவரியில் எல்.எம். சிங்வி குழு இரட்டைக் குடியுரிமையைப் பரிந்துரைத்தது. அதைப் பாதியாக்கி 2006 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததுதான் இந்தக் கார்டு. வாழ்நாள் முழுவதும் விசா இல்லாமல் வரலாம், வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம். விவசாய நிலம் மட்டும் கூடாது. 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த வசதிகளின் பட்டியல் சட்டத்தில் இல்லை, அரசிதழ் அறிவிக்கையில் இருக்கிறது. அறிவிக்கையை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டாம். 2005, 2007, 2009 என்று வளர்ந்து வந்த சலுகைகளை 2021இன் ஒரே அறிவிக்கை திருத்தி எழுதியதும், ஆராய்ச்சிக்கும் பத்திரிகைப் பணிக்கும் தனி அனுமதி வேண்டும் என்று சேர்த்ததும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் இன்னொன்று வந்தது: ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானாலே கார்டை ரத்து செய்யலாம். தீர்ப்பு வரை காத்திருக்கத் தேவையில்லை. சுவீடனில் பேராசிரியராக இருக்கும் அசோக் ஸ்வைனின் கார்டு ரத்தானபோது, சட்டப் பிரிவை அப்படியே திருப்பிச் சொல்வது காரணம் ஆகாது என்று 2023 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளியது. அவரிடம் வழக்கு நடத்தத் தெம்பு இருந்தது. மாட்டுங்காவில் வயதான தாயைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருக்கும் ஒருவருக்கு, இங்கே இருப்பதே அரசின் தயவு என்ற நினைப்பு ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கும்.

விசுவாசத்துக்கு வருவோம். ஒருவர் இரண்டு நாட்டுக்கு உண்மையாக இருக்க முடியுமா என்பதைத் தமிழ்நாட்டின் விளிம்பிலேயே அறுபது ஆண்டுகளாகச் சோதித்துப் பார்த்திருக்கிறோம். பிரெஞ்சிந்தியாவை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்டில் அமலுக்கு வந்தபோது, அங்கே பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று இடம் தரப்பட்டது. தேர்ந்தெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் புதுச்சேரியில் வாழ்கிறார்கள். பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் 'சொல்தா' குடும்பங்கள் அங்கே எல்லோரும் அறிந்தவை. பிரான்சின் அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியிலேயே வாக்குச்சாவடி அமைகிறது. அவர்கள் சட்டப்படி பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமே என்பது சரி, ஆனால் வாழ்க்கையில் இரண்டுமானவர்கள். இவ்வளவு காலத்தில் அதனால் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன வந்தது? இலங்கை இன்னொரு வகையில் பாடம். அங்கே இரட்டைக் குடியுரிமை 1980களிலிருந்தே உண்டு. சிக்கல் வந்தது, பதவியில்தான் வந்தது: 2015இன் 19ஆவது திருத்தம் இரட்டைக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்றத்துக்கு வரக் கூடாது என்றது, 2020இன் 20ஆவது திருத்தம் அதை நீக்கியது, அமெரிக்கக் குடியுரிமையும் வைத்திருந்த பசில் ராஜபக்ச 2021 ஜூலையில் உள்ளே வந்து நிதியமைச்சரானார், நாடு திவாலான 2022இல் 21ஆவது திருத்தம் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகும் இலங்கை, சாதாரண மக்களின் இரட்டைக் குடியுரிமையில் கை வைக்கவில்லை. அதிகாரத்தில் உட்காரும் உரிமையையும் வாழும் உரிமையையும் பிரித்துப் பார்த்தால் போதும் என்பதை ஒரு சின்ன நாடு இவ்வளவு தெளிவாகச் செய்திருக்கிறது.

பாகிஸ்தானையும் வங்கதேசத்தையும் காட்டி மிரட்டுவதிலும் பொருள் இல்லை. ஓசிஐ சட்டம் அவ்விரு நாட்டினரையும் அவர்களின் சந்ததியையும் ஏற்கனவே விலக்கி வைத்திருக்கிறது, அந்த விலக்கு சரியா என்பது தனிக் கேள்வி. இரட்டைக் குடிமக்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்பதே என் கருத்தும். ஒரு நாட்டின் முடிவுகளின் விளைவை அனுபவிக்காமல் தொலைவிலிருந்து அதைத் தீர்மானிப்பது முறையல்ல. அப்படி ஒரு தாகமும் வெளியே தெரியவில்லை: இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 2011 முதல் வாக்குரிமை உண்டு, நேரில் வந்து போட வேண்டும், 2024 மக்களவைத் தேர்தலில் 1,19,374 பேர் பதிவு செய்திருந்தார்கள், வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். வரி நஷ்டம் என்ற வாதமும் நிற்காது. நம் வருமான வரி குடியுரிமையைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை, எத்தனை நாள் இங்கே இருந்தார் என்பதைப் பார்த்து விதிக்கப்படுகிறது. எங்கேயும் வரி கட்டாமல் இருக்கும் பணக்கார இந்தியக் குடிமக்களை உள்ளூர்வாசியாகவே கருதலாம் என்று 2020இல் விதி வந்தபின், குடியுரிமை அதிகம் பேருக்கு இருப்பது கஜானாவுக்கு லாபம்.

மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றிய கவலையை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இங்கே வாழாமலே வளர்ந்த பிள்ளை, அரசு செலவில் நடக்கும் கல்லூரியில் ஏழைப் பிள்ளையின் இடத்தை எடுத்துக்கொள்வது அநியாயம். ஆனால் அதைத் தடுக்கக் குடியுரிமை தேவையில்லை, பள்ளிப் படிப்பு போதும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கே படித்தார் என்று தமிழ்நாடு பார்க்கிறது. பத்தும் பன்னிரண்டும் மாநிலத்தில் தேறினாரா என்று மகாராஷ்டிரம் பார்க்கிறது. செம்பூரில் ஏழு வருடம் பள்ளிக்குப் போன பிள்ளையையும் கலிஃபோர்னியாவிலிருந்து தேர்வுக்கு மட்டும் வந்திறங்கும் பிள்ளையையும் பிரித்துக் காட்டும் அளவுகோல் ஏற்கனவே கையில் இருக்கிறது. 2021 அறிவிக்கை இருவரையும் ஒன்றாக்கிவிட்டது.

இவை எல்லாவற்றையும் விடக் கூர்மையான ஆட்சேபம் தாராவியிலிருந்து வரும்: இது மாட்டுங்காவின் கவலை, எங்களுக்கு என்ன? நியாயமான கேள்வி. தாராவியிலிருந்து வளைகுடாவுக்குப் போகிற தொழிலாளிக்கு இரட்டைக் குடியுரிமை என்ற பேச்சே எழாது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் என்றால் பாஸ்போர்ட்டில் 'குடியேற்ற அனுமதி தேவை' என்னும் ஈசிஆர் முத்திரை, குடியேற்றப் பாதுகாவலரின் அனுமதி, பிறகு ஒப்பந்தம் முடியும்வரை வேலை. அங்கே எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்த நாடுகள் அவருக்குக் குடியுரிமை தரப்போவதில்லை. எனவே இந்தியா பறிக்கவும் வாய்ப்பில்லை. ஆனால் நிலைமை அப்படியே நின்றுவிடவில்லை. ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வில், வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் அமெரிக்காவின் பங்கு 27.7 சதவீதம், எந்தத் தனி நாட்டையும் விட அதிகம். பணம் வந்து சேர்ந்த மாநிலங்களில் மகாராஷ்டிரம் முதலிடம். இந்தியத் திறன் தொழிலாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்துவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. அங்கே தேடப்படுகிறவர்களில் செவிலியர்கள் முக்கியமானவர்கள். 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி, ஐந்து ஆண்டு வாழ்ந்தவர் பழைய குடியுரிமையை விடாமலே தன் குடிமகனாகலாம் என்கிறது. அந்தப் பக்கத்து நிபந்தனை போய்விட்டது. தடை இப்போது நம் பக்கத்தில் மட்டும். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் ஒரு செவிலி பெரிய இடத்துப் பெண்ணாக இருக்க வேண்டியதில்லை.

தாராவிக்கும் இந்தக் கேள்விக்கும் இன்னொரு உறவும் உண்டு. மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1க்கு முன் குடியிருந்ததற்குக் காகிதம் உள்ளவருக்குத் தாராவியிலேயே இலவச வீடு; அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்கு வேறிடத்தில், விலைக்கு; மாடியில் குடியிருப்பவருக்கு வேறு கணக்கு. நாற்பது ஆண்டாக அங்கே வாழ்பவரும் மின்கட்டண ரசீதைத் தேடி அலைகிறார். வாழ்ந்த வாழ்க்கையை விட்டுவிட்டு ஒரு தேதியையும் ஒரு சீட்டையும் மட்டும் பார்க்கும் பழக்கம், செம்பூர்ப் பிள்ளையின் நீட் விண்ணப்பத்திலும் தாராவிக் குடிசையின் கணக்கெடுப்பிலும் ஒன்றுதான். இருவரின் இழப்பும் சமம் என்று சொல்ல வரவில்லை. தாராவிக்காரருக்குக் கூரையே கேள்விக்குறி. ஆனால் அரசு சலுகையாகக் கொடுப்பதை உரிமையாக எழுதி வாங்க வேண்டும் என்ற கோரிக்கையில் ஒருவர் ஜெயிப்பது மற்றவருக்கு எதிரானதல்ல.

செய்ய வேண்டியதும் மலை அல்ல. அரசமைப்பின் 9ஆவது உறுப்பு, அரசமைப்பு அமலாகுமுன் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களைப் பற்றியது. அதற்குப் பிறகு நடப்பதை 11ஆவது உறுப்பின் கீழ் நாடாளுமன்றமே சட்டம் போட்டு முறைப்படுத்தலாம். குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினால் போதும். வாக்கும் பதவியும் பாதுகாப்புத் துறை வேலையும் கிடையாது என்று அதில் எழுதட்டும். இங்கே வாழவும் படிக்கவும் வேலை செய்யவும் உள்ள உரிமை, நீதிமன்றத் தீர்ப்பில்லாமல் எடுக்கக்கூடாத உரிமையாக எழுதப்படட்டும். பிள்ளைகளிடமிருந்து தொடங்குவது எளிது. 4(1ஏ) பிரிவு ஏற்கனவே அவர்களை இரட்டைக் குடிமக்களாகப் பார்க்கிறது. வேறு பாஸ்போர்ட் கூடாது என்ற உறுதிமொழியை நீக்கி, 18 வயதுக்குப் பிறகு தரும் ஆறு மாதக் கெடுவைப் பட்டப்படிப்பு முடியும் வயது வரை நீட்டினாலே, செம்பூருக்குத் திரும்பிய அந்தப் பிள்ளை என்ஆர்ஐ வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.